மூன்று கேஜ் பிணைப்பு மாறிலிகளும் ஒரே புள்ளியில் சேரவில்லை: ஒரு-வளையக் கணக்கில் பிழை எங்கே?

#1 · நேர்கோடு

ஸ்டாண்டர்ட் மாடலின் மூன்று பிணைப்பு மாறிலிகளும் (விசைகளின் வலிமையைக் குறிக்கும் எண்கள்) உயர் ஆற்றலில் எப்படி ஓடுகின்றன, அதாவது மாறுகின்றன, என்று ஒரு-வளைய அளவில் (முதல் தோராயத்தில்) கணக்கிடுகிறேன். தொடக்கம் இசட் போசானின் நிறையில், அதாவது 91.19 ஜிஇவி-யில். எம்எஸ்-பார் என்ற மறுஇயல்பாக்க முறைப்படி எடுத்துக்கொண்ட எண்கள்: மின்காந்தத்துக்கு 1/ஆல்ஃபா = 127.95, மென்கலப்புக் கோணத்தின் சைன் வர்க்கம் = 0.23122, வன்விசைக்கு ஆல்ஃபா-எஸ் = 0.118.

இவற்றிலிருந்து 1/ஆல்ஃபா மதிப்புகள் ஹைப்பர்சார்ஜின் யு(1)-க்கு 98.37, மென்விசையின் எஸ்யு(2)-க்கு 29.59, வன்விசையின் எஸ்யு(3)-க்கு 8.47 என்று வருகின்றன. பீட்டா கெழுக்களாக (ஒவ்வொரு கோட்டின் சாய்வையும் தீர்மானிக்கும் எண்கள்) 41/6, −19/6, −7 ஆகியவற்றைப் போட்டேன். முதல் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் 5 × 10²⁰ ஜிஇவி! பிளாங்க் நிறையையே (1.22 × 10¹⁹ ஜிஇவி) தாண்டிப் போய்விடுகிறது. புத்தகப் படங்களில் எல்லாம் 10¹³-க்கும் 10¹⁷-க்கும் இடையில்தான் மூன்று கோடுகளும் நெருங்குகின்றன. எங்கே தவறு?

#2 · காமா_அணி

கூட்டல் கழித்தலில் தவறு இல்லை. ஹைப்பர்சார்ஜை இயல்பாக்கவில்லை, அவ்வளவுதான். 98.37-ஐ 3/5-ஆல் பெருக்குங்கள், 59.02 வரும். 41/6-ஐயும் 3/5-ஆல் பெருக்குங்கள், 41/10 வரும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வேறொரு தவறான விடை கிடைக்கும்.

#3 · நேர்கோடு

நன்றி. இப்போது முதல் இரண்டு கோடுகளும் 1.0 × 10¹³ ஜிஇவி-யில் வெட்டுகின்றன. ஆனால் மூன்றாவது கோடு அந்தப் புள்ளிக்கு வரவில்லை. இன்னும் ஏதாவது பிழை இருக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த 3/5 நாமாக விரும்பிச் சேர்க்கும் எண்ணா, அதற்குக் காரணம் உண்டா?

#4 · குலவியல்

காரணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கணக்குக்கே பொருள் வரும்.

எஸ்யு(2), எஸ்யு(3) போன்ற பரிமாற்றமில்லாக் குலங்களில் ஆக்கிகளின் (குலத்தை உருவாக்கும் அணிகளின்) அளவை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. இரண்டு ஆக்கிகளின் பரிமாற்றி மூன்றாவது ஆக்கியைத் தருகிறது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் அந்தச் சமன்பாட்டில் இடப்பக்கம் நான்கு மடங்காகும், வலப்பக்கம் இரண்டு மடங்குதான் ஆகும். குளுவான் தன்னோடு தானே வினைபுரிவதால் அதன் பிணைப்பின் அளவு அங்கேயே நிலைபெற்றுவிடுகிறது. குவார்க்குகளும் அதே பிணைப்பையே ஏற்க வேண்டியதாகிறது. யு(1)-இல் பரிமாற்றி சுழி. ஹைப்பர்சார்ஜை எல்லாத் துகள்களுக்கும் இரண்டு மடங்காக்கிப் பிணைப்பைப் பாதியாக்கினால் இயற்பியலில் எதுவும் மாறாது. ஆகவே "யு(1)-இன் பிணைப்பு எஸ்யு(2)-இன் பிணைப்புக்குச் சமமா?" என்ற கேள்விக்குத் தனியாக நின்றால் பொருளே இல்லை. இரண்டையும் உள்ளடக்கும் ஒரு பெரிய குலம் இருக்கிறது என்று கொண்டால்தான் பொருள் வரும்.

ஜார்ஜியும் கிளாஷோவும் 1974-இல் முன்வைத்த எஸ்யு(5)-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்து உறுப்புப் பன்மியில் (குலம் ஒன்றையொன்றாக மாற்றும் துகள்களின் தொகுதியில்) மூன்று நிற எதிர்-டவுன் குவார்க்குகளும் ஒரு லெப்டான் இரட்டையும் உள்ளன. மென்விசையின் மூன்றாம் ஆக்கியின் வர்க்கங்களைக் கூட்டினால் 1/4 + 1/4 = 1/2. ஹைப்பர்சார்ஜ் வர்க்கங்களைக் கூட்டினால் 3 × 1/9 + 2 × 1/4 = 5/6. ஒரே குலத்தின் ஆக்கிகள் என்றால் இந்த இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமாக இருக்க வேண்டும். இங்கே விகிதம் 5/3. எனவே ஹைப்பர்சார்ஜின் வர்க்கத்தை 3/5-ஆல் சுருக்குகிறோம், பிணைப்பின் வர்க்கம் 5/3 மடங்காகிறது, 1/ஆல்ஃபா 3/5 மடங்காகிறது.

இது எஸ்யு(5)-க்கு மட்டும் உரிய எண் அன்று. ஒரு முழுத் தலைமுறையை எடுத்துக்கொண்டு கூட்டினாலும் 2-உம் 10/3-உம் வரும், விகிதம் அதே 5/3. எஸ்ஓ(10)-இலும் இதேதான். இணையும் புள்ளியில் சைன் வர்க்கம் 3/8 என்று சொல்வது இந்த எண்ணின் மறுவடிவம்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. மூன்றாவது கோடு வராதது பிழை அன்று. ஸ்டாண்டர்ட் மாடலில் மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் சேர்வதில்லை, ஒரு முக்கோணத்தைத்தான் அடைக்கின்றன. உங்கள் எண்களை வைத்தே அதன் முனைகள் (ஒன்று, இரண்டு, மூன்று என்பவை முறையே யு(1), எஸ்யு(2), எஸ்யு(3) கோடுகள்):

ஒன்றும் இரண்டும்: 1.0 × 10¹³ ஜிஇவி, அங்கே 1/ஆல்ஃபா 42.4.
ஒன்றும் மூன்றும்: 2.4 × 10¹⁴ ஜிஇவி, 40.3.
இரண்டும் மூன்றும்: 9.7 × 10¹⁶ ஜிஇவி, 47.0.

உங்கள் நிரல் இந்த மூன்றையும் தந்தால் ஒரு-வளையக் கணக்கு சரி.

#5 · வளையம்

கெழுக்களை எங்கிருந்தோ எடுத்துப் போடுவதைவிட ஒருமுறை கையால் கூட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

எளிமைக்காக 1/ஆல்ஃபா-வை "ஏ" என்றும் கெழுவை "பி" என்றும் குறிக்கிறேன். ஆற்றலின் இயல் மடக்கையோடு ஏ மாறும் வீதம் = −பி / (2 × பை). ஒரு-வளையத்தில் இது மாறிலி. அதனால்தான் நேர்கோடு.

பி-க்குப் பங்களிப்பவை மூன்று. கேஜ் போசான்கள் −11/3 × குலத்தின் காசிமிர் எண் (எஸ்யு(3)-க்கு 3, எஸ்யு(2)-க்கு 2, யு(1)-க்கு 0). ஒவ்வொரு வெய்ல் ஃபெர்மியானும் +2/3 × அதன் குறியெண். ஒவ்வொரு கலப்பு ஸ்கேலாரும் +1/3 × அதன் குறியெண். அடிப்படைப் பன்மிக்குக் குறியெண் 1/2. யு(1)-க்குக் குறியெண்ணின் இடத்தில் ஹைப்பர்சார்ஜின் வர்க்கம் வரும்.

இந்த மூன்று எண்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஹெலிசிட்டியை ஹெச் என்று கொண்டால் மூன்றும் ஒரே சூத்திரம்: 1/3-இலிருந்து ஹெச் வர்க்கத்தின் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும், ஃபெர்மியான் என்றால் குறியை மாற்ற வேண்டும். ஸ்கேலாருக்கு 1/3. ஹெச் = 1/2 என்றால் 1/3 − 1 = −2/3, குறி மாறி +2/3. ஹெச் = 1 என்றால் 1/3 − 4 = −11/3. முதல் உறுப்பு மின்னூட்டத்தின் சுழலோட்டத்தால் வருவது, டயாகாந்தத் தன்மை உடையது, மறைக்கும். இரண்டாவது தற்சுழற்சியால் வருவது, பாராகாந்தத் தன்மை உடையது. குளுவானில் இந்த இரண்டாவது உறுப்பு பன்னிரண்டு மடங்கு பெரியது. கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் 1973-இல் கண்ட அணுகுமுனைச் சுதந்திரம் (ஆற்றல் ஏற ஏற வன்விசை வலுவிழப்பது), 2004-இல் நோபல் பரிசு பெற்றது, இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடுகிறது. துகள் இயற்பியலில் இவ்வளவு சின்னக் கணக்கிலிருந்து இவ்வளவு பெரிய விளைவு வேறெங்கும் வருவதாக எனக்குத் தெரியவில்லை.

எஸ்யு(3): ஒரு தலைமுறையில் இடக்கைக் குவார்க் இரட்டை (2 × 1/2), வலக்கை அப் (1/2), வலக்கை டவுன் (1/2), மொத்தம் 2. மூன்று தலைமுறைக்கு 2/3 × 6 = 4. ஆக −11 + 4 = −7.

எஸ்யு(2): ஒரு தலைமுறையில் குவார்க் இரட்டை மூன்று நிறங்களில், லெப்டான் இரட்டை ஒன்று. 4 × 1/2 = 2. மூன்று தலைமுறைக்கு மறுபடியும் 4. ஹிக்ஸ் 1/3 × 1/2 = 1/6. ஆக −22/3 + 4 + 1/6 = −19/6.

யு(1): வர்க்கங்களின் கூட்டல் ஒரு தலைமுறைக்கு 1/6 + 4/3 + 1/3 + 1/2 + 1 = 10/3. வரிசை: குவார்க் இரட்டை, அப், டவுன், லெப்டான் இரட்டை, வலக்கை எலக்ட்ரான். மூன்று தலைமுறைக்கு 2/3 × 10 = 20/3, ஹிக்ஸ் 1/3 × 1/2 = 1/6, ஆக 41/6. பிறகு 3/5-ஆல் பெருக்கினால் 41/10.

அடிக்கடி சறுக்கும் இடம் குவார்க் இரட்டை. எஸ்யு(3)-க்குக் கணக்கிடும்போது மென்விசையின் இரண்டு உறுப்புகளையும் எண்ண வேண்டும். எஸ்யு(2)-க்குக் கணக்கிடும்போது மூன்று நிறங்களையும் எண்ண வேண்டும். யு(1)-க்கு ஆறையும் எண்ண வேண்டும்.

#6 · காமா_அணி

மின்னூட்ட அட்டவணை சரியா என்று பார்க்க ஒரு வழியை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். பி-யில் வர்க்கங்கள்தான் வருகின்றன, அதனால் குறிப் பிழை அங்கே தெரியாது. முறையின்மை நீக்கத்தில் (குவாண்டம் விளைவு கேஜ் சமச்சீரை உடைக்காதிருக்கச் சில கூட்டல்கள் சுழியாக வேண்டும் என்ற நிபந்தனையில்) தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இடக்கைப் புலங்களாக எழுதுங்கள்: குவார்க் இரட்டை 1/6, எதிர்-அப் −2/3, எதிர்-டவுன் 1/3, லெப்டான் இரட்டை −1/2, பாசிட்ரான் 1.

முப்படிகள்: 1/36 − 32/36 + 4/36 − 9/36 + 36/36 = 0.
ஈர்ப்போடு கலந்தது, அதாவது வெறும் கூட்டல்: 1 − 2 + 1 − 1 + 1 = 0.
எஸ்யு(2)-ஓடு கலந்தது: 3 × 1/6 − 1/2 = 0.
எஸ்யு(3)-ஓடு கலந்தது: 2 × 1/6 − 2/3 + 1/3 = 0.

நான்கும் சுழியானால் அட்டவணையை நம்பலாம். புதிய துகளைச் சேர்க்கும்போதும் முதலில் இதைச் செய்யுங்கள். முறையின்மை மிஞ்சும் மாதிரியில் கேஜ் சமச்சீரே குவாண்டம் அளவில் உடைந்துபோகும், பிறகு பீட்டா கெழுவைக் கணக்கிட்டு என்ன பயன்? எஸ்யு(2) இரட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற விட்டனின் 1982 நிபந்தனையையும் மறக்க வேண்டாம். இங்கே தலைமுறைக்கு 3 + 1 = 4, சரி.

#7 · புதுப்புலம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வளையம் அவர்கள் −11/3 என்று கொடுத்திருப்பதை ஃபெய்ன்மன் வரைபடங்களிலிருந்து வருவிக்கப் பார்த்தால் குளுவான் தற்சக்தி வரைபடங்களில் 5/3-தான் வருகிறது. 11/3 வரவில்லை.

#8 · வளையம்

5/3 சரியான விடை, ஆனால் அது பீட்டா கெழு அன்று. ஃபெய்ன்மன் கேஜில் குளுவான் தற்சக்தியின் மதிப்பு மட்டுமே அது. மின்காந்தத்தில் வார்டு முற்றொருமையால் உச்சித் திருத்தமும் எலக்ட்ரான் புலத் திருத்தமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும், ஒளியனின் தற்சக்தி மட்டும் போதும். பரிமாற்றமில்லாக் குலத்தில் அந்த நீக்கம் நடக்காது. குவார்க்-குளுவான் உச்சியையும் குவார்க் புல மறுஇயல்பாக்கத்தையும் சேர்க்க வேண்டும், அல்லது கோஸ்ட்-குளுவான் உச்சியையும் கோஸ்ட் புலத்தையும் (கோஸ்ட் என்பது கேஜ் தேர்வால் கணக்கில் மட்டும் வரும் துணைப் புலம்). மீதி 2 அங்கிருந்துதான் வருகிறது. கேஜ் அளபுருவை மாற்றிப் பார்த்தால் இது உடனே விளங்கும். பொதுவான கேஜில் தற்சக்தியின் கெழு 13/6-இலிருந்து கேஜ் அளபுருவின் பாதியைக் கழித்தது, ஃபெய்ன்மன் கேஜில் அளபுரு 1 என்பதால் 5/3. கேஜைப் பொறுத்து மாறும் எண் எதுவும் முழு விடையாக இருக்க முடியாது.

அந்த 5/3-க்கு வந்து சேரும் வழியிலும் இரண்டு பொறிகள் உண்டு. குளுவான் வளையம் மட்டும் தனியே குறுக்குத்தன்மை (உந்தத்தால் பெருக்கினால் சுழியாகும் தன்மை) உடையது அன்று. உந்த வர்க்கத்தோடு மெட்ரிக் வரும் உறுப்புக்கு 19/12, உந்தங்கள் இரண்டும் பெருக்கலாக வரும் உறுப்புக்கு −11/6. கோஸ்ட் வளையம் 1/12, +1/6. கூட்டினால் 5/3, −5/3. அப்போதுதான் குறுக்குத்தன்மை மீள்கிறது. இது மீளவில்லை என்றால் முதலில் குளுவான் வளையத்தின் சமச்சீர்க் காரணி 1/2-ஐப் பாருங்கள், அடுத்தது கோஸ்ட் வளையத்தின் −1-ஐ. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

உச்சிகளே வேண்டாம் என்றால் பின்னணிப் புல முறையைப் பயன்படுத்துங்கள். அதில் பின்னணிப் புலத்தின் இருபுள்ளிச் சார்பு மட்டும் போதும். ஃபெய்ன்மன் கேஜில் குளுவான் 10/3, கோஸ்ட் 1/3, மொத்தம் 11/3. இரண்டும் தனித்தனியே குறுக்குத்தன்மை உடையவை என்பதால் பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிது.

#9 · புதுப்புலம்

குறி −1 தான் விடுபட்டிருந்தது. இப்போது 5/3, −5/3. நன்றி, பின்னணிப் புல முறையையும் செய்து பார்க்கிறேன்.

#10 · எண்கணக்கு

இந்தக் கணக்கில் பிழைகள் தங்கள் அடையாளத்தை விடையிலேயே விட்டுச் செல்கின்றன. ஒன்றும் இரண்டும் வெட்டும் ஆற்றலை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். சரியான விடை 1.0 × 10¹³.

5 × 10²⁰ வந்தால் 3/5 எங்குமே போடவில்லை. 10¹⁰ அளவில் வந்தால் தொடக்க மதிப்பில் 3/5 போட்டு, கெழுவை 41/6 ஆகவே விட்டிருக்கிறீர்கள். 6 × 10¹³ வந்தால் 127.95-க்குப் பதில் 137.04 போட்டிருக்கிறீர்கள். 137 என்பது சுழி உந்தத்தில் அளந்த மதிப்பு. இசட் நிறைக்கு வருவதற்குள் லெப்டான்களும் குவார்க்குகளும் அதை 128 வரை இறக்கிவிடுகின்றன. விடை 10²⁷ போல அபத்தமாக இருந்தால் வெட்டும் ஆற்றலை இசட் நிறையால் வகுத்ததன் இயல் மடக்கையான 25.45-ஐப் பத்தின் அடுக்காகப் படித்திருக்கிறீர்கள். அதை 2.3026-ஆல் வகுக்க வேண்டும்.

ஹைப்பர்சார்ஜ் மரபு இன்னொரு தொல்லை. மின்னூட்டம் = மூன்றாம் கூறு + ஹைப்பர்சார்ஜ் என்பது ஒரு மரபு, ஹைப்பர்சார்ஜின் பாதி என்பது இன்னொன்று. இரண்டாவது மரபின் அட்டவணையை எடுத்துப் பாதியாக்காமல் கூட்டினால் 41/6-க்குப் பதில் 82/3 வரும். சரியாக நான்கு மடங்கு. வலக்கை எலக்ட்ரானின் எண்ணைப் பாருங்கள்: அளவு 1 என்றால் முதல் மரபு, 2 என்றால் இரண்டாவது.

கீழ் ஆற்றலுக்கு இறங்குபவர்களுக்கு: வன்விசைக் கெழு −11 + 2/3 × குவார்க் வகைகள். −7 என்பது ஆறு வகைக்கு, அதாவது டாப் நிறைக்கு மேலே மட்டும். 10 ஜிஇவி-க்கு இறங்கும்போது −23/3 போட வேண்டும். அப்படிப் போட்டால் ஆல்ஃபா-எஸ் 0.173 வரும். மேலே ஏறும் கணக்கில் இசட் நிறையிலிருந்து டாப் நிறை வரையிலான சின்ன இடைவெளியில் −7 போட்டதால் வரும் வித்தியாசம் மிகச் சிறிது, ஒரு-வளைய அளவில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

#11 · குலவியல்

நேர்கோடு அவர்களே, வரைபடத்தைப் பார்ப்பதைவிட நுட்பமான சோதனை ஒன்று இருக்கிறது. கோடுகள் சேர்கின்றனவா என்று பார்க்கக் கோடுகளே வேண்டாம், வித்தியாசங்களின் விகிதம் போதும்.

அளந்த எண்களிலிருந்து (ஏ2 − ஏ3) / (ஏ1 − ஏ2) = 21.11 / 29.43 = 0.717. மூன்றும் ஒரு புள்ளியில் சேர வேண்டுமானால் (பி2 − பி3) / (பி1 − பி2) இதற்குச் சமமாக வேண்டும். ஸ்டாண்டர்ட் மாடலில் 3.833 / 7.267 = 0.528. வெகுதூரம். ஆல்ஃபா-எஸ்-இல் 0.001 மாறினால் 0.717 என்பது 0.002 அளவே நகரும், ஆகவே அளவீட்டுப் பிழையைக் காரணம் சொல்ல இடமில்லை. வேறு விதமாகச் சொன்னால், ஸ்டாண்டர்ட் மாடல் இணைய வேண்டுமென்றால் ஆல்ஃபா-எஸ் 0.071 ஆக இருந்திருக்க வேண்டும்.

இப்போது #5-இல் வந்த கூட்டல்களைத் திரும்பப் பாருங்கள். ஒரு தலைமுறை எஸ்யு(3)-க்கு 4/3 தருகிறது, எஸ்யு(2)-க்கு 4/3, இயல்பாக்கிய யு(1)-க்கும் 2/3 × 10/3 × 3/5 = 4/3. மூன்றுக்கும் ஒரே எண்! வித்தியாசங்களில் தலைமுறைகள் முழுவதுமாகக் கழிந்துபோகின்றன. மூன்று தலைமுறை இருந்தாலும் ஐந்து இருந்தாலும் விகிதம் அதே 0.528-தான். இணையும் ஆற்றலும் மாறாது, அங்கே பிணைப்பின் மதிப்புதான் மாறும். எஸ்யு(5)-இன் முழுப் பன்மியாக அமையும் எதைச் சேர்த்தாலும் ஒரு-வளையத்தில் இதே கதை. விகிதத்தைத் தீர்மானிப்பவை கேஜ் போசான்களும் ஹிக்ஸும் மட்டுமே, ஏனென்றால் அவை இரண்டும்தான் முழுப் பன்மியாக இல்லை.

#12 · மீச்சமம்

அதனால்தான் மீச்சமச்சீர் மாதிரி (ஒவ்வொரு துகளுக்கும் மீத்துகள் என்ற ஓர் இணை உண்டு என்பது) வெல்கிறது. குறைந்தபட்ச மீச்சமச்சீர் மாதிரியின் கெழுக்கள் 33/5, 1, −3. விகிதம் 4 / 5.6 = 0.714. அளவீடு 0.717. சேருமிடம் 2.0 × 10¹⁶ ஜிஇவி, 1/ஆல்ஃபா 24.3. மூன்று எண்களுக்கு இரண்டு அறியாதவை, ஆகவே இது உண்மையான கணிப்பு. இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்?

#13 · எண்கணக்கு

கணிப்பு என்பதை ஏற்கிறேன், தெளிவான சான்று என்பதை ஏற்க மாட்டேன். 0.714 என்ற எண் மீத்துகள்கள் எல்லாம் இசட் நிறையிலேயே இருப்பதாகக் கொண்டு வந்தது. அப்படி இல்லை என்று நமக்குத் தெரியும். அவற்றை 1000 ஜிஇவி-யில் வைத்து, அதுவரை ஸ்டாண்டர்ட் மாடல் கெழுக்களோடு ஏறுங்கள். அங்கே ஏ1 − ஏ2 = 26.66, ஏ2 − ஏ3 = 19.65, விகிதம் 0.737. இசட் நிறைக்குத் திரும்ப இறக்கினால் ஆல்ஃபா-எஸ் 0.110 என்று கணிக்கும். இரு-வளையத் திருத்தம் அதை மேலே தள்ளுகிறது, தள்ளும்போது 0.118-ஐயும் தாண்டிவிடுகிறது. மிச்சத்தை இணையும் இடத்திலுள்ள கனத்த துகள்களின் வாசல் திருத்தம் (அவற்றின் நிறையைக் கடக்கும்போது வரும் திருத்தம்) சரிசெய்ய வேண்டும். அந்தத் துகள்களின் நிறைகள் நம் கையில் இல்லை.

ஸ்டாண்டர்ட் மாடலைவிடப் பல மடங்கு நெருக்கம் என்பது உண்மை. 0.714-உம் 0.717-உம் அருகருகே நிற்பதை மட்டும் வைத்து வாதிடுவது சரியல்ல, அந்த நெருக்கத்தில் ஒரு பகுதி நாம் விட்டுவிட்ட திருத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வருவது. மீத்துகள் எதுவும் எல்எச்சி-யில் இன்றுவரை தென்படவில்லை என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பேச வேண்டும்.

மறுஇயல்பாக்க முறையையும் கவனியுங்கள். மீச்சமச்சீர்ப் பகுதிக்குள் நுழையும்போது எம்எஸ்-பார் முறையிலிருந்து டிஆர்-பார் முறைக்கு மாற வேண்டும்: ஏ-இலிருந்து காசிமிர் எண் / (12 × பை) கழியும். எஸ்யு(3)-க்கு 0.080, எஸ்யு(2)-க்கு 0.053, யு(1)-க்கு ஒன்றுமில்லை. ஒரு-வளையக் கணக்கில் இதைச் செய்வது வீண், இரு-வளையத்தில் விடுவது தவறு.

#14 · மீச்சமம்

1000 ஜிஇவி வாசலைப் போட்டுப் பார்த்தேன், 0.737 சரிதான். "தெளிவான சான்று" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸ்குவார்க்குகளும் ஸ்லெப்டான்களும் (குவார்க், லெப்டான்களின் மீத்துகள்கள்) முழுத் தலைமுறைகள், குலவியல் அவர்கள் சொன்னபடி விகிதத்தில் கழிந்துவிடும். 0.528-ஐ உயர்த்துபவை கேஜினோக்களும் ஹிக்சினோக்களும் (கேஜ் போசான், ஹிக்ஸ் ஆகியவற்றின் மீத்துகள்கள்) இரண்டாவது ஹிக்ஸ் இரட்டையும்தான். கேஜினோக்கள் −11/3-ஐ −3 ஆக்குகின்றன. ஹிக்ஸ் பகுதி ஆறு ஹிக்ஸ் இரட்டைகளுக்குச் சமமான எடை பெறுகிறது: ஸ்கேலார்கள் 2 × 1/6, ஹிக்சினோக்கள் 2 × 1/3, மொத்தம் 1. ஸ்குவார்க்குகள் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரு-வளைய இணைவு கெடாது.

#15 · நேர்கோடு

அப்படியானால் மீச்சமச்சீரே இல்லாமல் ஹிக்ஸ் இரட்டைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால்? ஒவ்வொன்றும் பி2-க்கு 1/6, பி1-க்கு 1/10. எண்ணிக்கை 7 என்றால் விகிதம் 4.833 / 6.867 = 0.704, எட்டு என்றால் 0.735. ஏழே போதும் போலிருக்கிறதே.

#16 · குலவியல்

விகிதம் சரியாகவே வரும். முறையின்மையும் வராது, ஸ்கேலார்கள் அதில் பங்கெடுப்பதில்லை. ஆனால் விகிதத்தோடு நிறுத்தக் கூடாது, சேருமிடத்தையும் பார்க்க வேண்டும். ஏழு இரட்டைகளுக்கு மடக்கை = 29.43 × 6.283 / 6.867 = 26.9, ஆற்றல் 4.5 × 10¹³ ஜிஇவி.

எஸ்யு(5) போன்ற குலத்தில் குவார்க்கை லெப்டானாக மாற்றும் கேஜ் போசான்களின் நிறை ஏறத்தாழ அதுதான். புரோட்டானின் ஆயுள் அந்த நிறையின் நான்காம் அடுக்கை, பிணைப்பின் வர்க்கத்தாலும் புரோட்டான் நிறையின் ஐந்தாம் அடுக்காலும் வகுத்தால் கிடைக்கும் அளவு. 10¹⁵ ஜிஇவி-க்கு இது 10³¹ முதல் 10³² ஆண்டு. 4.5 × 10¹³ என்றால் நான்காம் அடுக்கால் இன்னும் இரண்டரை லட்சம் மடங்கு குறைந்து 10²⁶ ஆண்டு அளவுக்கு வரும். புரோட்டான் பாசிட்ரானாகவும் நடுநிலைப் பையானாகவும் சிதைவதற்கு ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே சோதனை வைத்திருக்கும் கீழ் எல்லை 2.4 × 10³⁴ ஆண்டு. எட்டு அடுக்கு இடைவெளி. கெழுவின் நுணுக்கம் எதுவும் இதைக் காப்பாற்றாது.

கேஜினோக்கள் ஏன் முக்கியம் என்பது இங்கே தெரிகிறது. ஹிக்ஸ் இரட்டைகள் பி2-ஐ மூன்றாவது கோட்டிலிருந்து விலக்கி விகிதத்தைத் திருத்துகின்றன, ஆனால் பி1 − பி2-ஐ மிகக் கொஞ்சமே குறைக்கின்றன, அதனால் சேருமிடம் தாழ்ந்தே கிடக்கிறது. கேஜினோக்கள் பி1 − பி2-ஐ நேரடியாகக் குறைத்து 5.6-க்குக் கொண்டுவருகின்றன, சேருமிடம் 10¹⁶-க்கு ஏறுகிறது. அங்கே இதே மதிப்பீடு 10³⁶ ஆண்டைத் தருகிறது.

#17 · நேர்கோடு

மடக்கையில் சின்ன வித்தியாசம், ஆயுளில் பத்து அடுக்கு! இப்போது விளங்குகிறது. கடைசியாக ஒன்று: இரு-வளையத்துக்குப் போக வேண்டுமானால் எந்த எண்கள் வேண்டும்? நிரலில் எதைக் கவனிக்க வேண்டும்?

#18 · எண்கணக்கு

ஸ்டாண்டர்ட் மாடலுக்கு ஒன்பது எண்கள், இயல்பாக்கிய யு(1)-ஓடு. முதல் நிரை 199/50, 27/10, 44/5. இரண்டாவது 9/10, 35/6, 12. மூன்றாவது 11/10, 9/2, −26. ஏ-இன் மாறும் வீதத்தில் −பி/(2 × பை)-ஓடு, நிரையின் ஒவ்வொரு எண்ணையும் அந்தந்த ஆல்ஃபா-வால் பெருக்கிக் கூட்டி 8 × பை வர்க்கத்தால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். நிரை என்பது ஓடும் பிணைப்பு, நெடுவரிசை என்பது அதைத் திருத்தும் பிணைப்பு.

இதை இடம் மாற்றிப் போடுவதுதான் மிகப் பரவலான தவறு. சோதிக்க எளிய வழி: 27/10-ஐ 9/10-ஆல் வகுத்தால் 3, 44/5-ஐ 11/10-ஆல் வகுத்தால் 8, 12-ஐ 9/2-ஆல் வகுத்தால் 8/3. குலங்களின் பரிமாணங்கள் 1, 3, 8 என்பதால் மேல் முக்கோண எண்கள்தான் பெரியதாக இருக்க வேண்டும்.

டாப் யுகாவா பிணைப்பையும் (டாப் குவார்க் ஹிக்ஸோடு பிணையும் வலிமை) சேருங்கள். அதன் கெழுக்கள் 17/10, 3/2, 2, மூன்றும் எதிர்க்குறியோடு. டாப்பின் முனை நிறை 173 ஜிஇவி-யை நேரே போட்டால் யுகாவா 0.99 வரும், அது தவறு. டாப் நிறையில் எம்எஸ்-பார் மதிப்பு ஏறத்தாழ 0.94. யுகாவாவும் ஓடும், அதன் சமன்பாட்டையும் கூடவே தீர்க்க வேண்டும்.

நான்காம் வரிசை ரங்கே-குட்டா போதும், மாறி ஆற்றல் அன்று, அதன் இயல் மடக்கை. படி 0.1. படியைப் பாதியாக்கியும் விடையின் நான்காம் தசமம் மாறாவிட்டால் சரி. முதலில் ஒன்பது எண்களையும் யுகாவாவையும் சுழியாக்கி ஓட்டுங்கள். 42.4, 40.3, 47.0 திரும்ப வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.